மாலை பஸ்ஸுக்கு முன் 35 நிமிடம்: ஒரு கிராமப்புறப் பள்ளியின் மாலை விளையாட்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

பள்ளி விட்ட பிறகு பதின்ம வயதுப் பிள்ளைகளை ஓடியாட வைக்க ஒரு கிராமப்புறப் பள்ளியில் இரண்டு முறை முயன்றோம். முதல் முறை ஒரு பருவத்துக்குள் கலைந்து போனது. இரண்டாவது முறை பெரும்பாலும் நிலைத்தது. இரண்டையும் நடந்தபடியே எழுதி வைக்கிறேன். நான் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதற்காக ஊர், பள்ளி, பெயர் எதையும் சொல்லவில்லை.

இடமும் பிள்ளைகளும்

பிரதான சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்ன சாலையின் ஓரத்தில் பள்ளி இருக்கிறது. சுற்றியுள்ள குக்கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் நடந்தோ சைக்கிளிலோ வந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு பஸ்தான். மாலை 4:10க்கு பெல் அடிக்கும். 4:50க்கு ஒரு பஸ். அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. இது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இந்த பஸ்ஸுக்கும் பிள்ளைகள் விளையாடாமல் போவதற்கும் உள்ள தொடர்பு எனக்குப் புரிய ஒரு பருவம் ஆனது.

முயற்சி தொடங்கியபோது ஆசிரியர் அறையில் முதலில் வந்த கேள்வி இதுதான்: "கிராமத்துப் பிள்ளைகளுக்கு எதுக்கு டீச்சர் தனியா உடற்பயிற்சி? வீட்டுல அதுங்க செய்யாத வேலையா?" இதில் பாதி உண்மை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உடல் உழைப்பில் விளையாட்டு மட்டும் அடங்காது. நடந்து போவது, சைக்கிள் மிதிப்பது, வீட்டு வேலை எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். மீதிப் பாதியைத்தான் நாம் பார்ப்பதில்லை. முன்பு நடந்து வந்த தூரத்தை இப்போது பஸ்ஸோ இருசக்கர வாகனமோ எடுத்துக்கொண்டது. மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. வீட்டு வேலையும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் விழுவதில்லை.

அளவு என்று பார்த்தால், 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மிதமாகவோ கடுமையாகவோ, உடல் உழைக்க வேண்டும் என்கிறது அந்த நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதோடு வாரத்தில் குறைந்தது 3 நாள் தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் வேலை இருக்க வேண்டும். இதில் 'சராசரியாக' என்ற சொல் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இல்லை. அப்போது ஒவ்வொரு நாளும் குறைந்தது 60 நிமிடம் என்று இருந்தது. சின்ன மாற்றமாகத் தெரியலாம், ஆனால் எங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உலகம் முழுக்க நிலைமை நன்றாக இல்லை. 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரையிலான சுமார் 16 லட்சம் மாணவர்களின் தகவல்களைத் தொகுத்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி 81 சதவீதம் பேர் அந்த 60 நிமிடத்தை எட்டவில்லை. பையன்களில் 77.6 சதவீதம், பெண்களில் 84.7 சதவீதம். வகுப்பில் ஐந்து பேரை நிறுத்தினால் நான்கு பேர் போதிய அளவு அசையாதவர்கள் என்று அர்த்தம். எலும்பு வலுவின் பெரும்பகுதி சேர்கிற வயதில் இப்படி.

முதல் முயற்சி

வாரம் 3 நாள், மாலை 4:20 முதல் 5:15 வரை என்று திட்டம் போட்டோம். எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை யார் வேண்டுமானாலும் வரலாம். பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்கினோம். பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியிலேயே சிக்கல் முழுவதும் இருந்திருக்கிறது. அப்போது எனக்கு அது வெறும் சம்பிரதாயம்.

மூத்த மாணவர்கள் நான்கு பேரைத் தலைவர்களாகப் போட்டோம். வந்தால் ஒரு புள்ளி, புது விளையாட்டு ஒன்றைச் செய்து பார்த்தால் இரண்டு புள்ளி. மாதக் கடைசியில் அதிகப் புள்ளி எடுத்தவர்களுக்குப் பரிசு. முதல் நாள் நாற்பதுக்கும் மேல் வந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான்காவது வாரம் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் ஏற்கனவே பள்ளி அணியில் விளையாடுகிறவர்கள். யாருக்காக இதைத் தொடங்கினோமோ அவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 16 பள்ளிகளில் 2,800க்கும் மேற்பட்ட 13, 14 வயது மாணவர்களோடு ஒரு பெரிய ஆய்வு செய்திருக்கிறார்கள். கோஆக்டிவ் என்று பெயர். மூத்த மாணவர் வழிகாட்டி, வகுப்புக்குள்ளேயே தலைவர்கள், புது விளையாட்டுக்குப் புள்ளி என்று கிட்டத்தட்ட நாங்கள் போட்ட அதே திட்டம். அது முடிந்து 10 மாதம் கழித்துக் கருவி கட்டி அளந்து பார்த்தபோது, திட்டம் நடந்த பள்ளிக்கும் நடக்காத பள்ளிக்கும் உடல் உழைப்பில் வித்தியாசம் இல்லை. 2020இல் அதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். பிரிஸ்டல் நகரில் 18 பள்ளிகளில் 11, 12 வயதுப் பெண்களுக்குப் பள்ளி விட்ட பிறகு நடனம் சொல்லிக் கொடுத்தார்கள். 20 வாரம், 40 வகுப்பு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். அதிலும் அளவில் மாற்றம் வரவில்லை. போகப் போக வருகை குறைந்தது.

அந்த ஆய்வுகளைப் படித்தபோது எனக்குத் தெம்பு வந்தது. பணமும் ஆளும் நிறைந்த இடத்திலேயே இப்படி ஆகிறது என்றால், எங்கள் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று முடிவு கட்ட எனக்கு எந்த உரிமையும் இல்லை.

பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஒரு சோதனை உளவியலில் புகழ்பெற்றது. படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக எடுத்து வரையும் நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. அது மழலையர் பற்றியது, அப்படியே பதின்ம வயதுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் எங்கள் மைதானத்தில் நான் பார்த்தது அதே சாயல்தான். புள்ளி எடுக்க வாய்ப்பில்லை என்று தெரிந்த அன்றே பலர் வருவதை நிறுத்தினார்கள்.

பையை இறக்காத பெண்

ஐந்தாவது வாரம் என்று நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மைதான ஓரச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். வந்திருக்கிறாள், ஆனால் ஆடவில்லை. புத்தகப் பை தோளிலேயே இருக்கிறது. இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக்கொண்டு, பந்தைப் பார்க்காமல் கேட்டுக்கு வெளியே சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளை அப்படி நான் மூன்று நாள் பார்த்திருந்தேன். அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"பையைக் கீழ வெச்சுட்டு வாம்மா. எதுக்கு சும்மா நிக்கிற?"

"வெச்சா எடுக்க நேரம் இருக்காது டீச்சர்."

"எதுக்கு நேரம்?"

"அப்பா இன்னிக்குக் கூப்பிட வர்றாரா இல்லையான்னு தெரியாது. பஸ் வர்ற வரைக்கும் பாப்பேன். அப்பா வரலைன்னா பஸ்ஸுக்கு ஓடணும்."

சம்மதக் கடிதத்தில் அவள் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். முதல் இரண்டு வாரம் வந்து அழைத்தும் போயிருக்கிறார். அப்புறம் வேலை. சில நாள் வருவார், சில நாள் வர முடியாது. வருவாரா மாட்டாரா என்பது அவளுக்கு 4:50 வரை தெரியாது. அந்த அரைமணி நேரம் அவள் உடம்பு மைதானத்தில் இருந்தது, மனசு சாலையில் இருந்தது. இப்படி இன்னும் எத்தனை பேர் என்று அன்று மாலை வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நின்று போனவர்களின் பெயர்களுக்கு நேரே ஊர்ப் பெயரை எழுதினேன். கிட்டத்தட்ட எல்லோரும் அந்த பஸ்ஸில் போகிறவர்கள். நான் அதுவரை அந்தப் பெயர்களுக்கு நேரே 'ஆர்வமின்மை' என்று எழுதி வைத்திருந்தேன்.

ஒரு வார நோட்டு

அடுத்த திட்டம் போடும் முன் இந்த முறை கேட்டுத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தோம். விருப்பப்பட்ட பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுத்தோம். பள்ளி விட்டது முதல் தூங்கும் வரை என்ன செய்தாய் என்று ஒரு வாரம் எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டாம். ஆணா, பெண்ணா, எந்த வகுப்பு, வீடு எவ்வளவு தூரம் என்பது மட்டும் போதும். ஒரு வேலை எவ்வளவு கடினம் என்று குறிக்கப் பேச்சு சோதனையைச் சொல்லிக் கொடுத்தோம். செய்துகொண்டே பேச முடியும், ஆனால் பாட முடியாது என்றால் மிதமானது. நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் கடுமையானது. பாடிக்கொண்டே செய்ய முடிந்தால் லேசானது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பிள்ளைகளும் உடனே பிடித்துக்கொண்டார்கள். வகுப்புக்கு வகுப்பு மாடிப்படி ஏறி இறங்கிப் பாடிப் பார்த்ததில் இரண்டு நாள் பள்ளியே கலகலப்பாக இருந்தது.

நோட்டுகள் திரும்பி வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான்: அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சில பெண்கள் தண்ணீர் சுமப்பது, வீடு துடைப்பது, தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்று 60 நிமிடத்தைத் தாண்டியே உழைக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஓடு என்று சொல்வது அநியாயம். அவர்கள் நோட்டில் இல்லாதது சிரித்து விளையாடிய ஒரு பத்து நிமிடம். சில பையன்கள் இருட்டும் வரை பந்து உதைக்கிறார்கள், அவர்களுக்கும் நாங்கள் தேவையில்லை. நடுவில் ஒரு பெரிய கூட்டம். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது, வீட்டில் உட்கார்ந்திருப்பது, படிப்பு, போன், தூக்கம். பதின்மூன்று வயதைத் தாண்டிய பெண்களில் பலர் இந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

அந்த நோட்டுகளில் ஒன்றில் ஐந்து நாளும் ஒரே வரி இருந்தது: "4:10 – 4:50 பஸ் ஸ்டாப்பில் நின்றேன்."

நாற்பது நிமிடம். நான் 5:15 வரை அவர்களைப் பிடித்து வைக்க முயன்றுகொண்டிருந்தபோது, இந்த நாற்பது நிமிடம் தினமும் சும்மா நின்று கரைந்துகொண்டிருந்தது.

வேறு சில காரணங்களும் நோட்டின் பின்பக்கத்தில் வந்தன. என்ன தடுக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தோம். "பாவாடையோட ஓட முடியாது." "டிரஸ் மாத்த இடம் இல்லை." "ரோட்டுல போறவங்க எல்லாம் பாக்குறாங்க." "நான் பந்தைத் தவற விட்டா திட்டுவாங்க." "கிரவுண்ட் முழுக்க அண்ணனுங்கதான்." மாதவிடாய் நாட்களைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட விளையாடப் பிடிக்காது என்று எழுதவில்லை.

இரண்டாம் முயற்சி

4:12க்குத் தொடக்கம், 4:47க்கு முடிவு. பெல் அடித்த கையோடு வந்துவிட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் 4:47ஐத் தாண்டக் கூடாது. ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் விசில் அடித்துவிடுவேன். இடத்தையும் மாற்றினோம். பின்பக்க மைதானத்தை விட்டுவிட்டு, பள்ளிக் கேட்டை ஒட்டிய மண்தரைக்கு வந்தோம். அங்கிருந்து வளைவில் பஸ் திரும்புவது தெரியும். பைகளை கேட்டுக்குப் பக்கத்தில் ஊர் வாரியாக வரிசையில் வைப்பது என்று பிள்ளைகளே ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். பஸ் தெரிந்தால் அந்த வரிசையை நோக்கித்தான் ஓட்டம். அந்தக் கடைசி ஓட்டமும் கணக்கில் சேரும் என்று அவர்களிடம் சொன்னேன்.

உடை விஷயத்துக்குத் தலைமை ஆசிரியரிடம் பேச வேண்டியிருந்தது. விளையாட்டு உள்ள மூன்று நாளும் எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் டிராக் பேன்ட்டோடு பள்ளிக்கு வரலாம் என்று அனுமதி கேட்டோம். கொஞ்சம் தயங்கினார், ஒரு மாதம் பார்க்கலாம் என்றார், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. உடை மாற்ற அறை கட்டித் தர எங்களால் முடியாது. மாற்ற வேண்டிய தேவையையே எடுத்துவிட முடிந்தது. செலவில்லாமல் செய்த காரியங்களில் பெண்களின் வருகையை அதிகம் கூட்டியது இதுதான் என்பது என் கணிப்பு.

என்ன ஆடுவது என்பதை நான் முடிவு செய்யவில்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இது: மனிதர் ஒரு காரியத்தைத் தானாக விரும்பிச் செய்யத் தன் விருப்பப்படி செய்கிறோம் என்ற உணர்வு வேண்டும், நம்மால் முடிகிறது என்ற உணர்வு வேண்டும், நம்மைச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற உணர்வு வேண்டும். முதல் முயற்சியில் இந்த மூன்றையுமே நான் பறித்திருந்தேன். விளையாட்டை நான் தேர்ந்தெடுத்தேன், புள்ளிப் பட்டியலை ஒட்டி முடியாதவர்களை எல்லோர் முன்னாலும் காட்டினேன், தோழிகளை வெவ்வேறு அணியில் பிரித்தேன்.

இந்த முறை மண்தரையை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பக்கம் ஸ்கிப்பிங் கயிறு, ஒரு பக்கம் வாலிபால், ஒரு பக்கம் அந்த வாரம் அவர்கள் எதைக் கேட்கிறார்களோ அது. சில வாரம் பாட்டுப் போட்டு நடனம், சில வாரம் ஓடிப் பிடிக்கும் ஆட்டம், ஒரு வாரம் முழுக்க டயர் உருட்டினார்கள். யாரோடு சேர்ந்து ஆடுவது என்பது அவரவர் இஷ்டம். வருகைப் பதிவேடு இல்லை, புள்ளி இல்லை, பரிசு இல்லை. கால்பந்து ஆடும் பையன்களுக்குப் பின்பக்க மைதானம் அப்படியே இருந்தது. சாலையில் போகிறவர்கள் பார்ப்பது சங்கடம் என்றவர்களுக்காகக் கயிறு ஆடும் இடத்தைக் கட்டிடத்தின் மறைவுக்கு மாற்றினோம். அங்கிருந்து பஸ் தெரியாது. அதனால் கூட்டத்தில் ஒருத்தி மாற்றி மாற்றி மூலையில் நின்று பார்த்துச் சொல்வாள்.

கயிறு தாண்டுவதை நான் கொஞ்சம் வற்புறுத்தியே உள்ளே கொண்டுவந்தேன். ஒரே நேரத்தில் மூச்சுக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கும். குதித்துத் தரையில் இறங்கும் அதிர்ச்சிதான் எலும்பை வலுப்பெறத் தூண்டுகிறது. குறுகிய இடம் போதும். முதலில் வாங்கிய கயிறுகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானவை. பதினாறு வயதுப் பெண் தாண்டினால் தலையில் இடித்தது. கயிற்றின் நடுவில் காலை வைத்து இரண்டு பிடியையும் மேலே இழுத்தால் அக்குள் உயரத்துக்கு வர வேண்டும். அந்த அளவுக்குச் சாதாரணக் கயிற்றை வெட்டி, முனையில் முடிச்சுப் போட்டு அவர்களே செய்துகொண்டார்கள்.

பெற்றோரிடம் இந்த முறை கடிதம் அனுப்பவில்லை. நேரில் பேசினேன். "வழக்கமா வர்ற பஸ்ஸுலயே வருவாங்க, ஒரு நிமிஷம்கூட லேட் ஆகாது" என்று சொன்னதும் பெரும்பாலானவர்களுக்கு ஆட்சேபணை இல்லாமல் போனது. ஒரு அம்மா மட்டும் கேட்டார், "களைச்சுப் போய் வந்தா வீட்டு வேலை யாரும்மா பாப்பா?" அவர் மகள் அந்த அறுபது நிமிடத்தைத் தாண்டி உழைக்கும் பெண்களில் ஒருத்தி. நான் வாக்குவாதம் செய்யவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் அனுப்புங்கள், வாலிபால் மட்டும் ஆடட்டும் என்றேன். அனுப்பினார்.

'சராசரியாக' என்ற சொல் உதவியது என்று சொன்னேனே, அது இங்கேதான். மூன்று நாள் இங்கே 35 நிமிடம். அது போதாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாரக் கணக்காகப் பார்க்கலாம் என்றதும் பிள்ளைகளே மீதியை நிரப்ப ஆரம்பித்தார்கள். ஞாயிறு காலை சைக்கிள், பஸ் இல்லாத நாளில் கூட்டமாக நடை, வீட்டு வேலை எல்லாவற்றையும் கூட்டினார்கள். ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்ற எண்ணம் போனது. தேர்வு வாரம், அறுவடை வாரம் வந்தாலும் திரும்பி வருவதற்கு ஒரு வழி இருந்தது.

ஒரு முழங்கால்

நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு தவறு செய்தேன், அதையும் எழுத வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், அந்த ஒரே வருடத்தில் மளமளவென்று உயரமானவன், திடீரென்று கயிறு பக்கம் வருவதை நிறுத்தினான். முழங்கால் வலி என்றான். விழவில்லை, அடிபடவில்லை. ஓடச் சொன்னால் இரண்டு சுற்று ஓடுகிறான். சாக்கு சொல்கிறான் என்று நினைத்து, "சும்மா சொல்லாத, போய் ஆடு" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவன் மண்டி போட முடியாமல் முகம் சுளித்ததைப் பார்த்துதான் பேன்ட்டை மடக்கிக் காட்டச் சொன்னேன். முழங்கால் சில்லுக்குக் கீழே, காலெலும்பின் மேல் முனையில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு. விரல் பட்டதும் துடித்தான்.

மருத்துவர் பார்த்துவிட்டு ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றார். 1903இல் அமெரிக்காவின் ராபர்ட் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தின் கார்ல் ஷ்லாட்டர் இருவரும் தனித்தனியே விவரித்த கோளாறு. வேகமாக வளரும் வயதில், தொடைத் தசையின் இழுப்பு முழுவதும் தசைநார் வழியாக அந்த இடத்தில் விழுகிறது. அங்கே எலும்பு இன்னும் முற்றியிருக்காது. ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வரும், வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆட்டத்தையே நிறுத்தத் தேவையில்லை, குதிப்பதைக் குறைத்து, வலி பொறுக்கும் அளவுக்குள் ஆடலாம், தொடைக்கு நீட்சிப் பயிற்சி செய்யலாம், ஆடிய பிறகு துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம் என்றார்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர்" என்றான், ஆனால் அடுத்த ஒரு மாதம் வரவில்லை. வளரும் பிள்ளை வலி என்று சொன்னால் முதலில் நம்ப வேண்டும், அப்புறம் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மற்றது. இது எங்கள் குழுவில் இப்போது விதி. அவன் பிறகு வாலிபாலுக்குத் திரும்பி வந்தான், வலை ஓரத்தில் பந்து எடுத்துக் கொடுப்பவனாக.

என்ன கிடைத்தது

கருவி கட்டி அளக்கவில்லை. ஆகவே இத்தனை நிமிடம் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். எங்களிடம் இருந்தது இரண்டு. ஒன்று, முன்கூட்டிச் சொல்லாத நாட்களில் மாடி ஜன்னலிலிருந்து இன்னொரு ஆசிரியர் எடுத்த தலைக்கணக்கு. இரண்டு, பருவக் கடைசியில் மறுபடி கொடுத்த ஒரு வார நோட்டு.

தலைக்கணக்கு முதல் வாரத்தில் முப்பதை ஒட்டி இருந்தது. பன்னிரண்டாவது வாரத்திலும் அதே அளவில் இருந்தது. முதல் முயற்சியின் நாற்பதைவிடக் குறைவுதான், ஆனால் இறங்கவில்லை. பாதிக்கும் மேல் பெண்கள். தேர்வு மாதத்தில் நன்றாகக் குறைந்தது, அதைத் தடுக்க எங்களால் முடியவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கிட்டத்தட்ட முழுதாகப் போய்விட்டார்கள். அவர்களுக்கு மாலை சிறப்பு வகுப்பு வைத்துவிட்டார்கள். படிக்கிற வயதில் ஓடினால் படிப்பு கெடும் என்ற எண்ணம் பெற்றோரிடமும் இருக்கிறது, ஆசிரியர்களிடமும் இருக்கிறது. அதை என்னால் மாற்ற முடியவில்லை. இந்த முயற்சியில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

இரண்டாவது நோட்டில் அந்த நாற்பது நிமிட வரி பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. அதன் இடத்தில் "கயிறு", "டான்ஸ்", "வாலி" என்று சின்னச் சின்னச் சொற்கள். வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் பெரிதாக மாறவில்லை. முதல் பார்வையில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால், அதைக் குறைக்க நாங்கள் எதுவும் செய்யவில்லையே.

பஸ் மாறியபோது

அடுத்த கல்வியாண்டின் நடுவில் பஸ் நேரத்தை மாற்றினார்கள். 4:50 பஸ் 4:25க்கு வர ஆரம்பித்தது. முன்கூட்டி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அதே வாரத்தில் முப்பது பேர் பதினொன்றானார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆட்டம் பிடித்திருந்தது, உடைப் பிரச்சினை தீர்ந்திருந்தது, பெற்றோர் சம்மதம் இருந்தது. நேரம் ஒன்றுதான் இல்லை. பஸ் நேரத்தைப் பழையபடி மாற்றக் கேட்டுப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். இன்னும் பதில் வரவில்லை.

மதிய இடைவேளைக்கு மாற்றிப் பார்த்தோம், வெயிலில் முடியவில்லை. காலையில் பஸ் சரியாக பிரேயருக்கு முன்தான் வருகிறது. இனி என்ன செய்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, பையை இறக்காமல் நின்றாளே, அந்தப் பெண், இப்போது பத்தாம் வகுப்பு, ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கூட அவள் ஊரைச் சேர்ந்த நான்கு பேர்.

"டீச்சர், கயிறு நாலு எடுத்துட்டுப் போகலாமா? 4:25 பஸ்ஸுல போனா எங்க ஊருக்கு அஞ்சு மணிக்குள்ள போயிடுறோம். வெளிச்சம் இருக்கு. பஸ் ஸ்டாப் பக்கத்துல இடமும் இருக்கு."

"யாரு பாத்துக்குவா?"

"எங்க அம்மா வந்து உக்காந்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க."

விளையாட்டுப் பொருள் பதிவேட்டில் நான்கு கயிறு என்று எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கு வெளியே பொருள் கொடுத்து அனுப்புவது அதுவே முதல் தடவை. அடுத்த மாதம் இன்னொரு ஊரிலிருந்து வந்து ஒரு வாலிபால் கேட்டார்கள். இப்போது பதிவேட்டில் ஐந்து ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கொடுக்கிறோம். மாதம் ஒரு முறை நான் போய்ப் பார்க்கிறேன். இரண்டு ஊர்களில் நன்றாக நடக்கிறது, ஒன்றில் அவ்வப்போது, மற்ற இரண்டில் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு பெண்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த இரண்டு ஊர்களுக்கும் தனியாகக் கயிறு கொடுத்து மறுபடி தொடங்கப் போகிறோம்.

போன வாரம் அந்த முதல் நான்கு கயிறுகளும் திரும்பி வந்தன. மண்ணில் உரசி உரசி நடுவில் இழை பிரிந்து, இரண்டு கயிறுகள் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தன. பதிவேட்டில் பயன்படுத்தித் தேய்ந்தது என்று எழுதிவிட்டுப் புதிதாக ஆறு கொடுத்தேன். நான்குதான் இருந்தது, ஏன் ஆறு என்று எழுத்தர் கேட்டார். ஆள் கூடியிருக்கிறார்கள் என்றேன்.